மழைக்காலத்தில் ரப்பர் ஷீட் கொண்டுவராதவர்கள் யார்? ஆக்சஸில் ஒரு க்வெரி போட்ட அனுபவம்

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கும் சங்கம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். 2024 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு ஷீட்கூடக் கொண்டுவராத உறுப்பினர்களின் பட்டியல் வேண்டுமென்று நிர்வாகத்தில் கேட்டார்கள். மழையில் பால்வெட்டு நின்றுபோனவர்களுக்கு ரெயின்கார்டு பிளாஸ்டிக்கை (வெட்டிய இடத்தில் மழைநீர் படாமல் மரத்தில் கட்டுவது) முதலில் கொடுக்கத்தான். பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால், அவருடைய மரம் அடுத்த மழைக்கும் சும்மா நிற்கும்.

கணக்கு இருப்பது மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில். உறுப்பினர் டேபிளையும், யார் எப்போது கொண்டுவந்தார்கள் என்ற வரவு டேபிளையும் க்வெரி (கேட்டதை மட்டும் தேடி எடுக்கும் கட்டளை) டிசைனில் போட்டு, உறுப்பினர் எண்ணால் இணைத்து ஓட்டினேன். கொண்டுவந்தவர்கள் மட்டும் வந்தார்கள். தேடிய ஆட்களில் ஒருவர்கூட இல்லை.

சங்கத்துக்கு இதைச் செய்துகொடுத்த கம்ப்யூட்டர் சென்டரைத் தேடி மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினேன். "என்ட்ரியே இல்லாத ஆளு எப்படிண்ணே வருவாரு? வேணும்னா தனியா ரிப்போர்ட் செய்யணும், அதுக்குத் தனி சார்ஜ்" என்றான் அங்கிருந்த பையன். ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஆள்தான் உறுப்பினர் டேபிளில் இருக்கிறாரே! எனக்கு இன்னும் ஆறவில்லை.

விஷயம் இரண்டு டேபிளுக்கும் நடுவில் ஓடும் கோட்டில் இருக்கிறது. சாதாரணமாக அது இரண்டு பக்கமும் இருப்பவர்களை மட்டுமே எடுக்கும். கோட்டை டபுள் கிளிக் செய்தால் மூன்று தேர்வுகள் வரும். உறுப்பினர் டேபிளில் எல்லாரும் வரட்டும் என்று சொல்வதை எடுங்கள். கோட்டின் முனையில் அம்புக்குறி விழும். பிறகு வரவு டேபிளின் உறுப்பினர் எண்ணுக்குக் கீழே, கிரைட்டீரியா (நிபந்தனை) வரியில் 'இஸ் நல்' (Is Null, அந்த இடம் காலி என்று அர்த்தம்) போட வேண்டும்.

இதே க்வெரியில் தேதி நிபந்தனையையும் சேர்த்தால் எல்லாம் காலி. வரவே இல்லாதவருக்குத் தேதி ஏது? அவர் அந்த நிபந்தனையில் அடிபட்டுப் போய்விடுவார். அதனால் இரண்டாகப் பிரித்தேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான வரவை மட்டும் எடுக்கும் க்வெரி ஒன்று. அதை டேபிள்போல வைத்து உறுப்பினர் டேபிளுடன் இணைக்கும் க்வெரி இன்னொன்று.

அப்பாடா என்று பார்த்தால் பட்டியல் ரொம்பச் சின்னதாக இருந்தது. பிப்ரவரியில் ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் பால்) போட்டதோடு சரி, பிறகு எட்டிப்பார்க்காத பேச்சிப்பாறைக்காரர் ஒருவர் பெயர் இல்லை. முதல் க்வெரியைத் தனியே ஓட்டியதும் பிடிபட்டது. சென்டர்காரர்கள் விண்டோஸில் அமெரிக்கத் தேதி முறையை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஜூன் 1 என்று நான் போட்ட 01/06 அதற்கு ஜனவரி 6. ஆனால் 31/08ஐ மட்டும், 31வது மாதம் கிடையாதே என்று ஆகஸ்ட் 31 ஆகவே எடுத்துக்கொண்டது. அதனால் பிப்ரவரி வரவும் கணக்கில் சேர்ந்துவிட்டது. பிழைச்செய்தி எதுவும் கிடையாது. 2024-06-01 என்று ஆண்டை முன்னால் போட்டதும் அவர் பெயர் வந்துவிட்டது. அந்த ஒரு வரியைப் பார்த்தபோது வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

ஊர்வாரியாகப் பிரிப்பவர்களுக்கு ஒன்று: கிரைட்டீரியாவில் குலசேகரத்தை ஒரு வரியிலும் திருவட்டாரை அதற்கடுத்த வரியிலும் போட்டால், 'இஸ் நல்' நிபந்தனையை இரண்டு வரியிலும் எழுதுங்கள். இல்லையென்றால் திருவட்டார் ஆட்கள் மொத்தமாக வந்து விழுவார்கள். முதல் க்வெரியை வேலை முடிந்ததென்று அழித்துவிடாதீர்கள், இரண்டாவது அதன் மேல்தான் நிற்கிறது.