லாபம் இருக்கு, கையில காசு இல்ல

சிங்கப்பூரில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. வேலை பார்த்துக்கொண்டேதான் மாலை நேர எம்பிஏ முடித்தேன். சந்தைப்படுத்தல், தலைமைத்துவம், பிராண்ட் மதிப்பு என்று என்னென்னவோ படித்தோம். ஆனால் மேசைக்கு ஒரு கோப்பு வந்தால் நான் முதலில் புரட்டுவது, ரொக்கம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று காட்டும் பணப்புழக்க அறிக்கையைத்தான். லாப நட்டக் கணக்கெல்லாம் அப்புறம்.

தொழிலாளர் தங்குவிடுதிகளுக்குச் சாப்பாடு போடும் கேட்டரிங்காரர் ஒருவர் வந்திருந்தார். எண்களைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்.

"தம்பி, ஒரு காண்ட்ராக்ட்ல மாசம் பத்தாயிரம் வெள்ளி நிக்குது. இன்னும் ரெண்டு வருது. லோன் மட்டும் போட்டுக் குடுங்க."

"பணம் எப்பண்ணே கைக்கு வருது?"

"மாசக் கடைசில பில் போட்டா தொண்ணூறு நாள். பெரிய கம்பெனி, கண்டிப்பா வரும்."

வரும்தான். அதுவரை என்ன செய்வது? மாத பில் 100,000 வெள்ளி, செலவு 90,000. ஜனவரியில் சமைத்ததற்குப் பணம் ஏப்ரல் கடைசியில் வருகிறது. அதற்குள் நான்கு மாத அரிசி, கறி, கேஸ், சம்பளம், வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை எல்லாம் சேர்ந்து 360,000 வெள்ளி. மளிகைக்காரர் ஒரு மாதக் கடன் தருவதால் அதில் 40,000 குறையும். ஆக, மாதம் பத்தாயிரம் பார்க்க 320,000 முடங்கிக் கிடக்கிறது. இதில் பொருள் சேவை வரி வேறு. ஜனவரி முதல் மார்ச் வரை போட்ட பில்களுக்கான 9% வரியை ஏப்ரல் முடிவதற்குள் கட்டியாக வேண்டும். வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், சரி. ஆனால் பிப்ரவரி, மார்ச் பில்களுக்கு அப்போது ஒரு காசுகூட வந்திருக்காது.

காகிதத்தில் எழுதிக் காட்டினேன். புது காண்ட்ராக்ட் ஒவ்வொன்றும் இதே அளவு பணத்தை விழுங்கும் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தொழில் மோசமில்லை, அதைத் தாங்கும் முதல்தான் இல்லை. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய வாடிக்கையாளரிடம் தொண்ணூறு நாள் கெடுவை அறுபதாகக் குறைத்து வாங்கினார். கடனும் கிடைத்தது, அவர் கேட்டதில் ஏறக்குறைய பாதி.

சின்னக் கடைக்காரர்களுக்கு மட்டும் வரும் வியாதி அல்ல இது. நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகள் கட்டிய சிங்கப்பூர் நிறுவனம் ஹைஃப்ளக்ஸ் 2017க்குத்தான் முதன்முதலாக ஆண்டு நட்டம் காட்டியது. அதற்கு முன்பு லாபம் காட்டிய பல ஆண்டுகளிலும் செயல்பாட்டுப் பணவரவு எதிர்மறையாகவே இருந்தது, அதாவது தொழிலில் வந்த ரொக்கத்தைவிடப் போன ரொக்கம் அதிகம். ஆலை கட்டும்போதே கணக்கில் வருமானம் ஏறிவிடும், ரொக்கமோ 25 ஆண்டு ஒப்பந்தத்தில் சிறுகச் சிறுக வரும். போதாக்குறைக்கு, அதன் துவாஸ்பிரிங் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையோடு சேர்ந்த மின்நிலையம் நம்பியிருந்த மின்விலையும் சரிந்தது. 2018 மே மாதம் கடன் கொடுத்தவர்களிடமிருந்து நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியபோது சுமார் 34,000 சிறு முதலீட்டாளர்களின் 90 கோடி வெள்ளி மாட்டிக்கொண்டது. ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டவர்களும் அதில் உண்டு. ஆண்டறிக்கையில் அந்த எதிர்மறை எண் ஒளிந்திருக்கவில்லை, எல்லோர் கண்ணிலும் படும்படிதான் அச்சாகியிருந்தது.

ஒரு தொழிலின் லாபத்தை அழுத்துபவை என்று நிர்வாகவியல் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979இல் எழுதிய ஐந்து விசைகளை இந்த ஊரில் பாதி நேரம் ஒரே ஆளிடம் பார்க்கலாம்: கட்டட உரிமையாளர். லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் ஓர் உணவுக்கடை விலைக்கு வந்தது. வாங்க நினைத்தவர் ஆண்டு லாபத்தைப் போல மூன்று மடங்கு கொடுக்கத் தயாராக இருந்தார். கூட்டம் அலைமோதும் கடைதான். ஆனால் குத்தகை இன்னும் 14 மாதம்தான் பாக்கி. மூன்று ஆண்டு லாபத்தை விலையாகக் கொடுத்து 14 மாதத்தை வாங்குவதா? முதலில் புதுக் குத்தகைக்கு வாடகை கேட்டு வரச் சொன்னேன். உரிமையாளர் சொன்ன வாடகையைப் போட்டுப் பார்த்தால் லாபம் பாதிகூடத் தேறவில்லை. விலையைக் குறைத்துக் கேட்டிருக்கிறார், பேச்சு இன்னும் நடக்கிறது.