விழுமியங்களைத் தேட பாஸ்புக்கையும் எடுங்கள்

“எனக்கு எது முக்கியம்?” என்று வெறும் தாளோடு உட்கார்ந்தால் ‘குடும்பம், நேர்மை, ஆரோக்கியம்’ என்று ஊரே எழுதுவதைத்தான் நாமும் எழுதுவோம். உளவியலாளர் மில்டன் ரோக்கீச் 36 விழுமியங்களை, அதாவது வாழ்க்கையில் நாம் முக்கியம் என்று மதிப்பவற்றை, 18, 18ஆகப் பிரித்து வரிசைப்படுத்தச் சொன்னார். வரிசை என்று வந்துவிட்டால் ஒன்றை மேலே ஏற்ற இன்னொன்றை இறக்கியே ஆக வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாம். துண்டுச் சீட்டுகளில், சீட்டுக்கு ஒன்றாக 30 விழுமியங்களை எழுதி, முதலில் 10, பிறகு 5 என்று குறையுங்கள். இரண்டாவது சுற்றில்தான் கை தயங்கும். அங்கே அவசரம் வேண்டாம். ‘இதை நான் கடைப்பிடிப்பது யாருக்குமே தெரியாது என்றாலும் வேண்டுமா?’ என்று ஒவ்வொரு சீட்டையும் கேளுங்கள். நாலு பேர் மெச்சுவதற்காக வைத்த சீட்டு அப்போதே பிடிபட்டுவிடும்.

அடுத்து, கடந்த 3 மாத வங்கிக் கணக்கை எடுத்து ஒவ்வொரு செலவுக்கும் எதிரே அந்த ஐந்தில் ஒன்றை எழுதுங்கள். வாடகை, கடன் தவணையை இதில் சேர்க்காதீர்கள், வீண் குற்றவுணர்வுதான் மிஞ்சும். ‘கற்றல்’ சீட்டுக்கு ஒரு ரூபாயோ ஒரு மணி நேரமோ போகவில்லை என்றால் அது இன்னும் ஆசை அளவில்தான் இருக்கிறது.

பலர் சறுக்குவது இலக்கையும் விழுமியத்தையும் ஒன்றாக நினைத்து. வீடு கட்டி முடித்துவிடலாம்; அக்கறைக்கு முடிவு கிடையாது. அதனால் அதற்குக் கிழமையும் நேரமும் குறியுங்கள்: ஞாயிறு காலை 10 மணி, அம்மாவுக்கு போன், 20 நிமிடம், கையில் வேறு வேலை இல்லாமல்.