லோபு துவா: வாரோசில் இரண்டு நாள்

மலேசியாவின் பினாங்கில், பினாங்குத் தெருவில் நாங்கள் பூசைச் சாமான் வாங்கும் கடையில் இரு வகைக் கற்பூரம் உண்டு. தட்டில் ஏற்றும் சூடம் வாசலிலேயே அடுக்கியிருக்கும்; சர்க்கரைப் பொங்கலில் ஒரு சிட்டிகை சேர்க்கும் பச்சைக் கற்பூரமோ கல்லாவுக்குப் பின்னாலிருந்து சிறு டப்பியில் வரும். மலாய் மொழியில் கற்பூரத்துக்குக் 'காப்பூர் பாரூஸ்' என்று பெயர். சிறு வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த அந்தச் சொல்லில் உள்ள பாரூஸ், சுமாத்ராவின் மேற்குக் கரையில் இன்றும் மக்கள் குடியிருக்கும் ஓர் ஊர் என்பது நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதை ஒட்டிய லோபு துவா என்னும் சிற்றூரில் 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது என்று படித்த பிறகு, போகாமல் இருக்க முடியவில்லை.

பினாங்கிலிருந்து வட சுமாத்ராவின் மேடான் நகருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. உண்மையான பயணம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 'டிராவல்' என்று அங்குள்ளோர் அழைக்கும் வேனில் அந்தியில் ஏறி, இரவு முழுக்க மலைப்பாதையில் குலுங்கி, டோலோக் சாங்குல் வட்டாரத்தைக் கடந்து, விடியும்போது கடலை நோக்கி இறங்கினோம். டோலோக் சாங்குலைச் சுற்றிய காடுகளில்தான் சாம்பிராணி மரங்கள் நிற்கின்றன. பட்டையைக் கீறிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, கசிந்து இறுகிய பிசினைச் சுரண்டி எடுக்கும் வேலை இன்றும் அங்கு நடக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் வீட்டை நிறைக்கும் புகை இந்த இருட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்த சிறிது நேரத்திலேயே வளைவுகள் வயிற்றைப் பிரட்டிவிட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

லோபு துவாவில் பார்ப்பதற்கென்று எதுவும் இல்லை. தகரக் கூரை வீடுகள், தென்னை, ரப்பர், வயல், வேலியோரம் கட்டிய ஆடு, சற்றுத் தொலைவில் கடல். பட்டர்வொர்த்துக்கு வடக்கே ஏதோ ஒரு மலாய்க் கம்பத்துக்குள், அதாவது சிற்றூருக்குள், வந்துவிட்டதைப் போன்றே இருந்தது. பாரூஸ் வட்டாரத்தில் பாத்தாக் மக்களும் 'பெசிசிர்' எனப்படும் கரையோர மக்களும் கலந்து வாழ்கிறார்கள். மசூதியும் தேவாலயமும் உண்டு. பாத்தாக் மொழியில் 'லோபு' என்றால் மக்கள் விட்டுச் சென்ற பழைய குடியிருப்பு என்று பொருள். 'துவா' என்றால் பழமை. ஊரின் கதையை ஊர்ப் பெயரே சொல்லிவிடுகிறது.

நான் தங்கிய வீட்டு அம்மாவை எல்லோரும் 'இபு' என்று அழைத்ததால் நானும் அவ்வாறே அழைத்தேன். பினாங்கிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். வட சுமாத்ராக்காரர்களுக்குப் பினாங்கு என்றால் மருத்துவமனைதான். அவரும் தம் கணவரின் இதயச் சிகிச்சைக்காக ஒருமுறை வந்து போனவர். கல்வெட்டுக்காக வந்திருக்கிறேன் என்று விளக்கியபோது, அந்தக் கல் ஜகார்த்தாவில் அல்லவா இருக்கிறது என்றார். அது எனக்கும் தெரியும். தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல் இல்லாத இடத்தைப் பார்க்க இவ்வளவு தூரம் ஒருவர் வருவாரா என்னும் ஐயம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

அந்தக் கல்லில் உள்ளதை வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1932-இல் எழுதிய கட்டுரை உலகுக்கு எடுத்துச் சொன்னது, பிறகு கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு அதை மேலும் தெளிவாகப் படித்தார். சக ஆண்டு 1010, மாசி மாதம், அதாவது கி.பி. 1088. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் வாரோசில், அதாவது பாரூசில், வேளாபுரத்தில் கூடி, நகர சேனாபதி நாட்டுச் செட்டியார் முதலான 'நம் மக்களுக்கு' ஓர் உரிமை வழங்குகிறார்கள். வந்து சேரும் கப்பலின் தலைவன் 'அஞ்சு துண்டாயம்' என்னும் கட்டணத்தைக் கஸ்தூரியின் விலையை ஒட்டிப் பொன்னாகச் செலுத்த வேண்டும். செலுத்திய பிறகே விரித்த பாவாடையில், அதாவது தரையில் விரித்த துணியில், கால் வைக்கலாம். கல்வெட்டு அறத்தை மறவாதே என்று முடிகிறது.

மலேசியாவில் பலரும் இந்தக் கல்லைச் சோழர் வெற்றியோடு சேர்த்துப் பேசுகிறார்கள். ராஜேந்திர சோழனின் படை இப்பக்கம் வந்தது 1025-இல்; கல் வெட்டப்பட்டதோ அறுபது ஆண்டுகளுக்கும் பிறகு. அதில் மன்னனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி இல்லை. இன்ன மன்னனின் ஆட்சியாண்டு என்ற குறிப்பும் இல்லை, சக ஆண்டுதான் இருக்கிறது. அது வணிகர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக் கல்லில் வெட்டிவைத்த கட்டண விதி. எனக்கு வெற்றியைவிட அந்தப் பாவாடைதான் பிடித்திருக்கிறது: கடற்கரையில் ஒரு துணி, அதன் மறுமுனையில் கணக்கு எழுதும் ஓர் ஆள், கடல் நீர் சொட்டும் காலோடு பணம் எடுக்கும் கப்பல்காரன்.

அவர்களை அங்கே இழுத்தது கற்பூரம். சீனத்துச் சூடம்போல இலையையும் கட்டையையும் கொதிக்கவைத்து வடிப்பதன்று இது. அறுபது மீட்டர்வரை வளரும் காட்டு மரம். அதன் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் உள்ள வெடிப்புகளில் வெள்ளைப் படிகமாக உறைந்து கிடக்கும். எந்த மரத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்லிவிட முடியாது. வெட்டிப் பிளந்தால்தான் தெரியும், பல மரங்களில் ஒன்றுமே இருக்காது. அரபியர் ஃபன்சூர் என்று அழைத்த இவ்வூரின் கற்பூரம் எடைக்கு எடை பொன்னுக்கு விற்றதாக மார்கோ போலோ எழுதினார். இன்று நாம் ஏற்றும் சூடம் பெரும்பாலும் தொழிற்சாலைச் சரக்கு. பாரூஸ் காடுகளில் அந்த மரமே அரிதாகிவிட்டது.

1995-இல் தொடங்கிய இந்தோனேசிய – பிரெஞ்சு அகழாய்வில் சீனப் பீங்கான்களும், மேற்காசியக் கண்ணாடியும், மணிகளும் கிடைத்தன. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பதினொன்றாம் நூற்றாண்டின் இறுதிவரை செழித்த நகரம் அதன் பிறகு வெறிச்சோடியிருக்கிறது. 'கெர்காசி' என்னும் அரக்கர்கள் வந்து அழித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இபுவின் மாமனார் அதைச் சொல்லும்போது, முன்பு இங்கிருந்தவர்கள் 'ஓராங் கெலிங்', அதாவது தென்னிந்தியர், என்று இயல்பாகச் சொன்னார். நம் நாட்டில் வசைச் சொல்லாகிவிட்ட அந்த வார்த்தையைக் கேட்டதும் என் உடம்பு ஒரு கணம் விறைத்தது. அவரோ பக்கத்து ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசுவதைப் போல் பேசிக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் அவர் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். தோட்டத்தைக் கொத்தும்போது கிடைத்த மணிகள்: மங்கிய நீலம், செங்கல் சிவப்பு, மிளகைவிடச் சிறியவை, ஒன்றிரண்டில் இன்னும் மண் அப்பியிருந்தது. விலைக்கு வேண்டுமா என்று கேட்பாரோ என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை, மூடி வைத்துவிட்டு ரப்பர் வெட்டப் போய்விட்டார்.

கிளம்பும்போது இபு அடுக்களையிலிருந்து ஒரு சிறு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்து, வெறுமையாக இருந்ததைக் கவிழ்த்துக் காட்டினார். பினாங்குக்கு வந்தபோது வாங்கிய ஜாதிக்காய் எண்ணெயாம். முழங்கால் வலிக்கு அதைப்போல வேறில்லை என்றார். ஜாதிக்காய் பிறந்ததே உங்கள் நாட்டுப் பண்டா தீவுகளில்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கலாம், ஆனால் பினாங்கு எண்ணெய்தான் நல்லது" என்றார். ஊருக்கு வந்ததும் மூன்று புட்டிகள் வாங்கினேன். மேடானுக்குப் போகும் நண்பர் ஒருவரிடம் போன வாரம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.