சினை எருமையிலும் முட்டைக் குமிழ்கள் வளர்கின்றன

எருமையின் சினைப்பையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த முட்டைக் குமிழ், அதாவது முட்டையைத் தாங்கிய நீர்க்குமிழ், ஸ்கேனில் தெரிந்தால், அது சினைபிடிக்கவில்லை என்று அந்த நொடியே முடிவுகட்டும் வழக்கம் மும்பைத் தபேலாக்களில், அதாவது நகர எருமைக் கொட்டில்களில், இன்னும் உண்டு. இங்கே கால்நடை மருத்துவராகப் பணிபுரியும் நான் இதை முழுமூச்சாக எதிர்க்கிறேன்; இந்த அவசர முடிவு, உயிரோடிருக்கும் கருவை அழித்துவிடக்கூடும்.

சினைப்பருவச் சுழற்சியின் ஏறத்தாழ 21 நாட்களில் குமிழ்கள் அலை அலையாக எழுகின்றன. எருமையில் பெரும்பாலும் இரண்டு அலைகள். ஒவ்வோர் அலையிலும் ஒரு குமிழ் மட்டும் முந்தி வளர, மற்றவை சுருங்கி மறைகின்றன. கரு தங்கிய பின்னும் இந்த அலைகள் நிற்பதில்லை. முட்டை வெளியான இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற திசு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன், குமிழை வெடிக்கச் செய்யும் லூட்டினைசிங் ஹார்மோன் பெருக்கெடுக்காமல் அடக்கி வைப்பதால், முந்தி வளர்ந்த குமிழும் வெடிக்க வழியின்றிச் சுருங்குகிறது. அது சுருங்கியதும், குமிழ்களை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் சற்று உயர, அடுத்த அலை தொடங்குகிறது. சினைபிடிக்காத எருமையில் மூன்றாம் வாரத்தில் கருப்பை சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கார்பஸ் லூட்டியத்தைக் கரைத்துவிடும். சினையான எருமையிலோ, கருவின் உறைகள் சுரக்கும் இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதம் அந்தச் சுரப்பைத் தடுத்துக் கார்பஸ் லூட்டியத்தைக் காக்கிறது. பின்னாளில் முட்டைக் குமிழாக வளரும் ஆதிக்குமிழ்களைப் பசுவைவிட மிகக் குறைந்த இருப்போடு கொண்டு பிறக்கும் எருமை, முட்டையே தேவைப்படாத காலத்திலும் அதைச் செலவழித்துக்கொண்டிருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

சில எருமைகள் சினைக்காலத்திலும் பருவ அறிகுறிகளைக் காட்டும் என்பதால் குழப்பம் கூடுகிறது. கோரேகாவில் 1949இல் உருவான ஆரே காலனியில், ஒரு தபேலாவின் பொறுப்பைக் கவனிக்கும் நெல்லைக்கார அண்ணாச்சி ஒருவர், “டாக்டரம்மா, ராத்திரி பூரா கத்திச்சு, இன்னைக்கே சினை ஊசி போட்டிருங்க” என்று வற்புறுத்தினார். “பொறுங்க அண்ணாச்சி, கருப்பையைப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்று ஸ்கேன் செய்தபோது, ஒரு சினைப்பையில் பெரிய குமிழும் மற்றொன்றில் கார்பஸ் லூட்டியமும் இருந்தன. கருப்பைக் கொம்பில் நீர்ப்பையும், அதனுள் துடிக்கும் இதயமும் தெளிவாகத் தெரிந்தன.

அன்று கருவூட்டல் குழாயைக் கருப்பைக்குள் செலுத்தியிருந்தாலோ, பருவத்தைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் ஊசியைப் போட்டிருந்தாலோ அந்தக் கரு பிழைப்பது அரிது. எருமையின் கார்பஸ் லூட்டியம் பெரும்பாலும் சினைப்பைக்குள் புதைந்தே இருப்பதால், கையால் தடவிப் பார்த்து அது இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் இயலாது. தீவனத்தையும் புல்லையும் வெளியிலிருந்து விலைகொடுத்து வாங்கும் நகரத் தபேலாவில், ஏறத்தாழ 310 நாள் சினைக்காலத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குவது உரிமையாளருக்குப் பெரும் இழப்பு. கறவை வற்றிய எருமை விற்கப்படுவதும் இங்கே வாடிக்கை.

ஆகவே நான் சினைப்பையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கருப்பைக் கொம்புகளையும் முழுவதும் பார்த்துவிடுகிறேன். கருவூட்டலுக்குப் பின் 30 நாள் ஆகும்வரை சினையில்லை என்று சொல்வதில்லை. எருமையில் 25 முதல் 40 நாட்களுக்குள் கரு சிதைவது கணிசமாக நடப்பதால், சினை என்று உறுதியானவற்றையும் 45ஆம் நாளுக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை ஸ்கேன் செய்கிறேன்.