மொழி வரலாறு பேப்பர்: ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துப் படித்த அனுபவம்

எம்.ஏ. ஆங்கிலம் மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் போன வாரம் வந்தது. ஆங்கில மொழி வரலாறு பேப்பரில் எக்ஸ்டர்னல் 75க்கு 64. எங்கள் வகுப்பில் நிறையப் பேருக்கு அரியர் விழுந்திருக்கும் பேப்பர் இது. மார்க்கைப் பார்த்த பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். ஜூனியர்கள் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

கிரிம்ஸ் லா, கிரேட் வவல் ஷிஃப்ட் என்ற ஒலி மாற்றங்கள், லத்தீன் பிரெஞ்சு கடன் சொற்கள் எல்லாம் எல்லா நோட்ஸிலும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேசப்போவது பொருள் மாற்றத்தைப் பற்றி, அதாவது செமான்டிக் சேஞ்ச். இரண்டு மார்க்கிலும் வரும், ஐந்து மார்க்கிலும் வரும், பத்து மார்க்கில் சாய்ஸாகவும் வரும். ஆனால் எங்களுக்கு இந்த யூனிட்டை வகுப்பில் யாரும் நடத்தவில்லை. போர்ஷன் முடிக்க நேரமில்லை என்று 'செல்ஃப் ஸ்டடி'யில் தள்ளிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. மொழி எப்படி உயிரோடு நகர்கிறது என்று காட்டுகிற ஒரே யூனிட் அதுதான்.

கடையில் கிடைத்த ஜெராக்ஸ் நோட்ஸில் இந்தத் தலைப்புக்குக் கீழே ஒரு பட்டியல் மட்டும் இருந்தது. பொருள் விரிவுக்கு நாலு சொல், சுருக்கத்துக்கு நாலு சொல், உயர்வுக்கு நாலு, இழிவுக்கு நாலு. பழைய பொருள், புதிய பொருள், அவ்வளவுதான். எந்த நூற்றாண்டு, ஏன் மாறியது, நடுவில் என்ன நடந்தது என்று ஒரு வரி கிடையாது. மனப்பாடம் வருகிறவர்களுக்கு அது போதும். எனக்குக் காரணம் தெரியாத எதுவும் நினைவில் நிற்காது. அதனால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு 'கெட்' (get) என்ற ஒரே வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, 1200இலிருந்து இன்றுவரை அதன் பின்னாலேயே போனேன். இந்தப் பேப்பரில் என்னைக் காப்பாற்றியது அதுதான். மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

ஏன் 'கெட்'? நாம் தினமும் புழங்குகிற சொல். அகராதியைத் திறந்தால் பொருள்கள் பக்கம் பக்கமாகப் போகும், முதலில் பயமாகத்தான் இருக்கும். ஆனால் காலவரிசையில் அடுக்கினால் மூன்று கிளைகளுக்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் வேர். இந்தச் சொல் நார்ஸ் மொழியின் 'கெட்டா'விலிருந்து வந்தது. 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் மொழி. 'தே' (they), 'டேக்' (take), 'டை' (die), 'எக்' (egg), 'ஸ்கை' (sky) எல்லாம் அவர்கள் கொடுத்தவை. பழைய ஆங்கிலத்திலும் இதே குடும்பத்துச் சொல் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் தனியாக நிற்காது. ஒட்டுச் சொற்களில்தான் வரும். இன்றைய 'ஃபர்கெட்', 'பிகெட்' இரண்டும் அந்த வழியில் வந்தவை. ஒலியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அது 'கெ' இல்லை, 'யெ'. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்தில்கூட 'ஃபொர்யெட்டெ' என்று எழுதியிருக்கிறார்கள். நார்ஸ்காரர்களின் அழுத்தமான 'க' உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் இன்றைய உச்சரிப்பு. 'கிவ்' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். ஸ்காண்டிநேவியத் தாக்கம் பற்றி ஐந்து மார்க் கேள்வி வந்தால் சொற்பட்டியலோடு இந்த ஒலிச் செய்தியையும் சேர்த்து எழுதுங்கள்.

1200 வாக்கில் 'கெட்' ஆங்கிலத்தில் வரும்போது அதன் பொருள் பெறுதல், அடைதல். முயன்று கைக்குக் கொண்டுவருதல். சாசரின் கேன்டர்பரி கதைகளின் முன்னுரையில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவனைப் பற்றி வரும் இடம் நினைவிருக்கிறதா? மெலிந்த குதிரை, நைந்த மேலங்கி, கையில் காசில்லை. காரணம், அவனுக்கு இன்னும் தேவாலயப் பதவி எதுவும் கிடைக்கவில்லை. அந்த வரியில் சாசர் போட்டிருக்கும் சொல் 'கெட்டன்'. அதாவது 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் வினை தன் பழைய பொருளோடு நிற்கிறது. நாம் ஏற்கெனவே படித்த பாடத்திலிருந்தே எடுத்துக்காட்டு கிடைப்பது எவ்வளவு வசதி பாருங்கள். மொழி வரலாற்றுத் தேர்வுக்கு இலக்கியப் பேப்பரைத் திரும்பப் புரட்டுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இனி கிளைகள்.

முதல் கிளை இடத்திலிருந்து நிலைக்குப் போவது. ஒரு பொருளை அடைதல் என்பது ஓர் இடத்தை அடைதல் என்று 14ஆம் நூற்றாண்டு வாக்கில் நீள்கிறது. 'கெட் டு லண்டன்', 'கெட் அப்' எல்லாம் இந்த வகை. இடத்தை அடையலாம் என்றால் ஒரு நிலையையும் அடையலாம் அல்லவா? 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'ஆகுதல்' என்ற பொருள் வருகிறது: 'கெட் ஆங்க்ரி', 'கெட் ஓல்ட்' மாதிரி. 'ஆங்க்ரி' இருக்கும் இடத்தில் ஒரு வினையெச்சம் போல 'பீட்டன்' வந்து உட்கார்ந்தால்? 'கெட் பீட்டன்'. செயப்பாட்டு வினை ஆகிவிட்டது. இது 17ஆம் நூற்றாண்டில் தலைகாட்டி, அப்புறம் மெல்லப் பெருகியது. பொருள் சொல்லும் வினையாக இருந்தது இலக்கண வேலை செய்யும் கருவியாக மாறிவிட்டது. கிராமட்டிகலைசேஷன் என்பது இதுதான். இந்தப் பெயரை வைத்தவர் பிரெஞ்சு மொழியியலாளர் ஆந்துவான் மெய்யே, 1912இல். ஒரு மார்க் கேள்விக்கு ஆகும்.

இந்த இடத்தில் எனக்குத் தமிழ்தான் கைகொடுத்தது. 'அடி வாங்கினான்', 'திட்டு வாங்கினான்', 'உதை வாங்கினான்' என்கிறோம். கடையில் வாங்கியதா? பெறுதல் என்ற பொருளுள்ள வினையை வைத்து நாமும் செயப்பாட்டு வேலையைச் செய்கிறோம். இன்னும் கவனித்தால், இரண்டு மொழியிலும் இது பெரும்பாலும் தலையில் வந்து விழுகிற காரியங்களுக்குத்தான் வருகிறது: அடிபடுவது, மாட்டிக்கொள்வது, வேலை போவது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். விடைத்தாளிலும் ஒரே வாக்கியமாக எழுதினேன். நீளமாக எழுத வேண்டாம், பேப்பர் ஆங்கிலத்தைப் பற்றியது.

இரண்டாவது கிளை உடைமையிலிருந்து கட்டாயத்துக்குப் போவது. 'ஐ ஹேவ் காட்' (I have got) என்றால் முதலில் 'நான் பெற்றிருக்கிறேன்' என்றுதான் பொருள். பெற்றவனிடம் அது இருக்கும். ஆகவே 16ஆம் நூற்றாண்டு முடிந்து 17 தொடங்கும் சமயத்தில் அது 'என்னிடம் இருக்கிறது' ஆகிவிடுகிறது. பேச்சில் 'ஹேவ்' தேய்ந்து வெறும் 'வ்' ஆனபோது பொருளின் பாரத்தை 'காட்' தூக்கிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் 'ஹேவ் காட் டு' என்றால் கட்டாயம் செய்ய வேண்டும் என்ற பொருள். இன்றைய பேச்சில் அதுவும் தேய்ந்து 'காட்டா'. பெறுதல், இருத்தல், கட்டாயம்: மூன்றையும் அடுத்தடுத்து ஒரே வரியில் அம்புக்குறி போட்டு எழுதிவிடலாம்.

மூன்றாவது சின்னக் கிளை. 'ஐ கெட் இட்', புரிந்தது என்ற பொருளில். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சில் வந்தது. புதுசு போலத் தெரியும், ஆனால் பழைய பாதை. 'கெட்' பிறந்த அதே இந்தோ ஐரோப்பிய மூலமொழி வேரிலிருந்து லத்தீனில் 'ப்ரெஹெண்டெரெ' என்ற வினை வந்தது, பற்றிப் பிடித்தல் என்று பொருள். 'காம்ப்ரிஹெண்ட்' அதிலிருந்து வந்ததே. கையால் பிடிப்பது மனத்தால் பிடிப்பதாகிறது. நாமும் 'பிடிபடவில்லை' என்கிறோம். உருவகத்தால் வரும் பொருள் மாற்றத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வடிவத்தையும் விடாதீர்கள். 1611 ஆங்கில பைபிளில் இறந்த காலம் பெரும்பாலும் 'காட்' (got) இல்லை, 'கேட்' (gat). அதே பைபிளில் ஆதியாகமம் 4:1இல் ஏவாள் சொல்லும் வாக்கியத்தில் 'காட்டன்' (gotten) வருகிறது. பிரிட்டனில் 'காட்டன்' பின்னால் வழக்கொழிந்தது, அமெரிக்கர்கள் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பேச்சில் 'ஐ'வ் காட்' என்றால் இருக்கிறது, 'ஐ'வ் காட்டன்' என்றால் பெற்றேன். அமெரிக்க ஆங்கிலம் என்றாலே புதுசு என்று எழுதுகிறவர்களுக்கு மார்க் குறைவதைப் பார்த்திருக்கிறேன். பழசைக் காப்பாற்றியதற்கு இது கண்ணெதிரே இருக்கும் ஆதாரம்.

சரி, தேர்வு அறையில் செய்தவை:

பத்து மார்க் விடையை வகைகளின் பெயரோடு தொடங்கவில்லை. 'கெட்' வரலாற்றை முதலில் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குரிய பெயரை வைத்தேன்.

இடது ஓரத்தில் பென்சிலால் நூற்றாண்டுகள். பேப்பர் திருத்துகிறவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நூற்றாண்டு, ஒரு வாக்கியம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அந்தப் பொருளையே எழுதாதீர்கள்.

சரியான ஆண்டு தெரியாவிட்டால் நூற்றாண்டு போதும். ஊகித்து ஆண்டு போடக் கூடாது.

'செமான்டிக்ஸ்' என்ற துறைப் பெயருக்கு, அதை உருவாக்கிய பிரெஞ்சு மொழியியலாளர் மிஷெல் ப்ரெயால், 1883. முன்னுரையில் ஒரு வரி.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது. இந்த யூனிட்டைத் தனியாக, நூலகத்தில், ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியின் தொகுதியைத் திறந்து வைத்துத்தான் படித்தேன். அந்த அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு வாரியாக மேற்கோள் கொடுக்கிறது. 1884இல் முதல் பகுதி வந்து 1928இல்தான் முதல் பதிப்பு முடிந்தது. அவ்வளவு பேர் உழைத்துச் சேர்த்த மேற்கோள்கள் அலமாரியில் தூசி படிந்து கிடக்க, நாம் ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நிற்கிறோம். அதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. உங்கள் கல்லூரியில் இருந்தால் போய்க் கேளுங்கள். இல்லையென்றால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சொற்பிறப்பியல் அகராதிகளே 'கெட்' அளவுக்குப் போதும்.

ஒரே வினையால் பதில் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. 'கெட்' முழுக்க முழுக்க விரிந்துகொண்டே போன சொல். பொருள் சுருங்கியதற்கு வேறு ஒன்று வேண்டும். 'ஸ்டார்வ்' எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டியோர்ஃபன்' என்றால் வெறுமனே இறத்தல். ஜெர்மனில் இன்னும் 'ஸ்டெர்பன்' என்றால் அதுதான். இறத்தலுக்கு 'டை' வந்து நிலைத்ததும் 'ஸ்டார்வ்' பட்டினியால் சாவதற்கு ஒதுங்கியது, பிறகு வெறும் பசிக்கு. இங்கிலாந்தின் வடக்கு வட்டார வழக்கில் அது குளிரில் விறைப்பதையும் குறிக்கும். இலக்கணக் கருவியாக மாறியதற்கு இன்னும் ஒன்று வேண்டுமென்றால் 'கேன்' (can). அது முதலில் 'தெரிந்திருத்தல்', பிறகுதான் 'முடிதல்'. தமிழில் 'நீந்தத் தெரியும்' என்று சொல்கிறோமே, அங்கேயிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு) எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு விரிவு தேவைப்படாது. இரண்டாம் தாளில் 100 கேள்விக்கு 200 மார்க், மொழிக்கு ஒரு யூனிட்தான். கிளைகளின் வரிசையும் மேலே சொன்ன பெயர்களும் ஆண்டுகளும் தெரிந்தால் போதும், காலவரிசைப்படுத்தும் கேள்விகளுக்கு உதவும்.

நவம்பரில் அரியர் எழுதுகிறவர்கள் 'கெட்'டையே எடுக்கலாம். எல்லோரும் அதையே எழுதினால் சரிவராது என்று தோன்றினால் 'டேக்' எடுங்கள். அதுவும் நார்ஸ் வரவு. அது துரத்திய பழைய ஆங்கில வினை 'நிமன்'. 'நம்ப்' (numb), 'நிம்பிள்' (nimble) என்ற இரண்டு சொற்களில் மட்டும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.