45 நாள் கணக்கு

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தபோது, அந்த மாதமே அதில் தாம்பரம் ரயில் ஏறிவிடுவேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். சென்னையில் ஒரு கம்பெனி முந்தைய வருடமே வேலைக் கடிதம் கொடுத்திருந்தது. சேரும் தேதி ஜனவரி என்றார்கள், ஏப்ரல் என்றார்கள், அப்புறம் ஜூலை. செப்டம்பரில் 'இப்போதைக்கு இல்லை' என்று மூன்று வரி மின்னஞ்சல்.

நான் போனைப் பார்த்தபடி கிடப்பதைப் பொறுக்காமல் அம்மா பிப்ரவரியிலேயே என்னைக் கடல்பாசி வளர்க்கும் வேலைக்கு இழுத்துப் போய்விட்டார். ராமேஸ்வரம் தீவில் ஓலைக்குடாப் பக்கம் வடகடலில் (பாக் விரிகுடா) எங்களுக்கு 10 மிதவை. இது வெளிநாட்டுப் பாசி. தென்கடலில் (மன்னார் வளைகுடா) போட்டால் பவளப்பாறை மேல் படர்ந்துவிடும் என்று அங்கே அனுமதி இல்லை. 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். குறுக்கே 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. மிதவைக்கு 60 கிலோ. அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் மேய்ந்துவிட்டுப் போய்விடும்.

இதையெல்லாம் ஒரே நாளில் தெரிந்துகொண்டேன். முடிச்சு மட்டும் ஒரு மாதம் பிடித்தது. இறுக்கினால் பாசி ஒடிந்தது, தளர்த்தினால் அலையோடு போனது. "கழுத்தை நெரிக்காதே பிள்ளை, இடுப்பைப் பிடி" என்பார் அம்மா. இடுப்பு எது என்று கண்டுபிடிப்பதற்குள் விரலெல்லாம் உப்பில் வெடித்துவிட்டது.

45 நாளில் முதல் அறுப்பு. ஒரு மிதவையில் 240 கிலோ. அதில் 60 கிலோவை மறுபடி கட்ட எடுத்து வைத்துவிட வேண்டும். மீதி 180 கிலோ மணலில் காய்ந்து 18 கிலோ ஆகும். அந்த 60 கிலோவையும் விற்றுவிடலாமே என்று கேட்டேன். அம்மா பதிலே சொல்லவில்லை.

பதில் மே மாதம் கிடைத்தது. வெயிலில் கடல் கொதித்து, பாசியில் வெள்ளை விழுந்து, தொட்டால் உதிர்ந்தது. ஆறு மிதவை போச்சு. பக்கத்து மிதவைக்காரச் சித்தி தன் விதைப்பாசியில் 120 கிலோ தூக்கிக் கொடுத்தார். எழுத்து, கணக்கு எதுவும் கிடையாது, "அறுத்ததும் குடு" என்றதோடு சரி. (பாசி ஏமாற்றினாலும் கண்ணெதிரே ஏமாற்றுகிறது. கம்பெனி அப்படியா?)

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும், ஜூன் 14 வரை, விசைப்படகுக்குப் போகும் அப்பா வீட்டில் இருந்தார். பொம்பளை வேலை என்று பாசிப் பந்தலை எட்டிக்கூடப் பார்க்காதவர், ஒருநாள் வந்து உட்கார்ந்து கயிறு கட்டினார். என் முடிச்சைவிட அவருடையது மோசம். அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தோம். செப்டம்பரில் அந்த மின்னஞ்சலைக் காட்டியபோது, "சரி, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் தென்கடல் பொங்கும்போது வடகடல் குளம் மாதிரி கிடக்கும். அந்த மாதங்கள் கை கொடுத்தன. கல்விக் கடனில் நான்கு தவணை கட்டினேன். மிஞ்சியது பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் இந்த வருடம் வீணாய்ப் போனது என்று யாராவது சொன்னால் இப்போது கோபம் வருகிறது.

ஐப்பசியில் வாடை கிளம்பியதும் மிதவைகளைக் கரையேற்றினோம். அடுத்த மாதம் ஒரு நேர்காணலுக்காக மதுரைக்கு அந்தப் பாலத்தின் மேலேதான் போனேன். படிப்பு முடித்து ஒரு வருடம் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். 240, 60, 18 என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசிவிட்டேன். ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கச் சேர்க்கும் காராஜீனன் இந்தப் பாசியிலிருந்துதான் வருகிறது என்றதும் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

முடிவு இன்னும் வரவில்லை. தை பிறந்ததும் மிதவை இறக்க வேண்டும். சித்திக்கு 60 கிலோ பாக்கி இருக்கிறது.