குருநகர் யாகப்பர் கோவிலில் ஒரு பின்னேரம்

யாகப்பர் திருநாள் யூலை 25. நாங்கள் போனது அதற்கு நன்றாக முந்தி, சனமில்லாத ஒரு பின்னேரம். பெறாமகளுக்குச் சோதனை முடிந்திருந்தது. நேர்த்தி வைத்த மெழுகுதிரியைக் கொளுத்த வேண்டும் என்று அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பக்கம் ஓட்டோ திரும்பியதுமே கடல் காற்றோடு கருவாட்டு வாசமும் வந்துவிட்டது. வீட்டு வாசலில் ஒருவர் கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி, கிழிந்த கண்களை ஒவ்வொன்றாகப் பொத்திக்கொண்டிருந்தார். யாகப்பரும் வலையை விட்டுவிட்டு ஆண்டவரோடு போன மீனவர்தானே.

1993 நவம்பரில் இந்தக் கோவிலில் விமானக் குண்டு விழுந்தது. இங்கே முழங்காலில் இருக்கும்போதெல்லாம் அன்று பூசைக்கு வந்தவர்களுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லாமல் என்னால் எழும்ப முடிவதில்லை.

திரி கொளுத்திவிட்டு வாங்கில் இருந்தோம். ஓட்டோவில் அவள் போனில் வாசித்துக்கொண்டு வந்தது ஒரு காதல் தொடர்கதை. அதுதான் மனதில் கிடந்திருக்க வேண்டும், மெதுவாகக் கேட்டாள்.

“சின்னம்மா, காதல் கதை வாசிக்கிறது பாவமே?”

“ஆர் சொன்னது? இந்தக் கோவில் பேரிலேயே ஒரு காதல் கதை இருக்கு பிள்ளை.”

யாகப்பர் என்பதும் யாக்கோபு என்பதும் ஒரே பெயர்தான். பழைய ஏற்பாட்டு யாக்கோபு ராகேலுக்காக அவளுடைய தகப்பன் லாபானிடம் ஏழு வருடம் ஆடு மேய்த்தார். அவள்மேல் வைத்த அன்பினால் அந்த ஏழு வருடமும் சில நாட்களைப் போல இருந்ததாம். தொடக்கநூல் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிற அந்த ஒரு வரியை எத்தனை தரம் வாசித்திருப்பேன்! காதல் கதை நம்மைப் பிடித்து இழுப்பது இதற்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. எனக்காகவும் ஒருவர் நாளை எண்ணிக்கொண்டு இருப்பாரா என்ற ஏக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த ஏக்கத்தை வைத்தவர் கடவுள்தான் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். இல்லாவிட்டால் ஆண்டவர் தம் முதல் அற்புதத்தைக் கானாவூர்க் கலியாண வீட்டில் ஏன் செய்கிறார்? வேதாகமத்தின் கடைசிப் புத்தகம் ஆட்டுக்குட்டியானவரின் திருமண விருந்தை ஏன் பாடுகிறது?

ஆனால் பெறாமகள் அதோடு விடவில்லை. ஏழு வருடம் முடிந்த இரவில் லாபான் ஆளை மாற்றிவிட்டதும், விடிந்து பார்த்தால் பக்கத்தில் இருந்தது அக்காள் லேயா என்பதும் அவளுக்குத் தெரியும். ஞாயிறு மறைக்கல்வியில் படித்திருக்கிறாள்.

“அப்ப லேயா பாவமெல்லோ, சின்னம்மா? அவவை ஒருத்தரும் கேக்கேல்லையே.”

எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. அது அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொடர்கதைகளில் இப்படிப்பட்ட அக்காள் இரண்டு அத்தியாயத்தோடு காணாமல் போய்விடுவாள். வேதாகமத்திலோ லேயாவைக் கணவன் விரும்பாததை ஆண்டவர் கண்டார் என்று எழுதியிருக்கிறது. அவள் வயிற்றில் பிறந்தவன் யூதா. அந்த யூதாவின் வழியில் தாவீது, தாவீதின் வழியில் நம் ஆண்டவர். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இடறியது.

வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் மிச்சம் ஞாபகம் வந்தது.

“ராகேலைப் பெத்லகேமுக்குப் போற வழியிலை அடக்கம் செய்தவை. யாக்கோபு எகிப்திலை சாகேக்க, தன்னை எங்கை கொண்டுபோய் அடக்கம் செய்யச் சொன்னவர் தெரியுமே?”

“எங்கை?”

“தன்ரை அப்பப்பா ஆபிரகாமின்ரை கல்லறைக் குகையிலை. லேயாவை அங்கைதான் தான் அடக்கம் செய்தனான் எண்டு தன்ரை வாயாலையே சொல்லுறார்.”

அவள் ஒன்றும் பேசவில்லை. ஒரு செருப்பு காலில், ஒன்று கையில். பிறகு என்னிடம் காசு வாங்கிக்கொண்டு, இன்னொரு திரி கொளுத்தத் திரும்பவும் உள்ளே போனாள்.